மெஷினுக்குக் கொடுத்திருந்தால் வீண். கற்றுத்தந்தவருக்குக் கொடுத்தது வீணில்லை

புராஸ்டேட் சுரப்பி அறுவைக்குப் பின் சிறுநீர்க் கசிவுக்காக நான் போன இயன்முறை சிகிச்சை மையத்துக்கு மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு நான்கு. சொல்லிக்கொடுக்கும் முறைக்கு மட்டும் என்றால் ஐந்துக்கு ஐந்தும் தருவேன். மின்தூண்டல் மெஷினை என் தலையில் கட்டப் பார்த்ததற்கும், கழிப்பறை விஷயத்துக்கும் சேர்த்து ஒன்றைப் பிடித்துக்கொண்டேன்.

மதுரையில் வைகைக்கு வடகரையில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே முதல் மாடியில் இருக்கும் இயன்முறை சிகிச்சை மையம் இது. முழங்கால் வலி, தோள்பட்டை இறுக்கம், கழுத்தெலும்புத் தேய்மானம் என்றுதான் கூட்டம் வருகிறது. புராஸ்டேட் அறுவைக்குப் பிறகு சிறுநீர் கசிகிறவர்களுக்கும் இங்கே பயிற்சி உண்டு என்பது பலகையில் இல்லை. பலகையில் போட்டால் ஒருவரும் படியேற மாட்டார்கள் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். வாக்கிங் வரும் நண்பர் ஒருவர், பக்கத்தில் யாரும் இல்லை என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும்.

நான் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். புராஸ்டேட்டில் புற்று என்று தெரிந்து, சுரப்பியை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். அந்த வகையில் குறையில்லை, புராஸ்டேட் புற்றைக் கண்காணிக்க ரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவு இறங்க வேண்டிய இடத்துக்கு இறங்கிவிட்டது. சிறுநீர் டியூபை உருவிய பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. படுத்திருக்கும்வரை ஒரு சொட்டு இல்லை. எழுந்தால், இருமினால், தும்மினால், குனிந்து செருப்பை மாட்டினால் கசியும். காலையில் ஓரளவு பரவாயில்லை. பொழுது சாயச் சாய மோசம். நானோ வெள்ளை வேட்டி கட்டுகிறவன். பேன்ட் போடுகிறவர்கள் கறுப்பு நிறத்தில் எடுத்து ஒப்பேற்றிவிடலாம். வேட்டிக்காரன் கல்யாண வீட்டில் பந்தியிலிருந்து எழுவதற்கே யோசிக்க வேண்டியிருந்தது.

அறுவை செய்த மருத்துவமனையில் வீட்டுக்கு அனுப்பும்போது ஆங்கிலத்தில் ஒரு தாள் கொடுத்தார்கள். கெகல் பயிற்சியை, அதாவது இடுப்பின் அடித் தசைகளைச் சுருக்கி விடும் பயிற்சியை, தினம் மூன்று வேளை செய்யவும் என்று அதில் இருந்தது. எந்தத் தசை, எப்படிச் சுருக்க வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று ஒரு வரி கிடையாது. நிலத்தை அளந்து கல் நடு என்று சொல்லிவிட்டு வரைபடம் கொடுக்காமல் அனுப்புவது மாதிரி. பல லட்சம் செலவாகும் அறுவைக்கு இவ்வளவுதான் பின்குறிப்பு.

மையத்தில் எனக்கு வாய்த்தவர் முப்பதைத் தாண்டிய ஒரு பெண் இயன்முறை மருத்துவர். உள்ளே நுழைந்ததும் எனக்குச் சங்கடம். அவருக்கு ஒரு சங்கடமும் இல்லை. “கூச்சப்பட்டால் இங்கே வேலை நடக்காது ஐயா. நான் கேட்கிறதுக்கு உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்” என்றார். கசிவது இருமும்போதா, அவசரமாக முட்டிக்கொண்டு வரும்போதா, இரவில் எத்தனை முறை எழுகிறேன், மலச்சிக்கல் உண்டா என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அடுத்த முறை வரும்போது மூன்று நாள் குறிப்பு வேண்டும் என்றார்: குடித்தது எவ்வளவு, போனது எவ்வளவு, கசிந்தது எப்போது. அளவு என்று ஒருவர் பேசினால் எனக்கு அவர்மேல் மரியாதை தானாக வந்துவிடும்.

பிறகு ஒரு பிளாஸ்டிக் இடுப்பெலும்பு மாதிரியை எடுத்து மேசையில் வைத்து விளக்கினார். எனக்கு அறுவை செய்தவர் செய்யாத வேலை இது. சிறுநீர்ப்பையின் கழுத்துக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி உட்கார்ந்திருப்பது புராஸ்டேட். நம் கவனம் இல்லாமலே கதவை மூடி வைத்திருக்கும் தசை அந்தக் கழுத்தில்தான் இருக்கிறது. சுரப்பியை எடுக்கும்போது அந்த ஏற்பாடு குலைந்துபோகிறது. மிச்சம் இருப்பது கீழே உள்ள இன்னொரு சுருக்குத் தசையும், இடுப்பின் அடியில் தொட்டில்போல் விரிந்திருக்கும் தளத் தசைகளும். இத்தனை வருடம் உதவியாளாக இருந்தவை, இனி முழுப் பொறுப்பையும் ஏற்க வேண்டும். சாயங்காலத்தில் கசிவு கூடுவது ஏன் என்பதும் அப்போது விளங்கிவிட்டது: நாள் முழுக்க நின்று வேலை செய்த தசை களைத்துப்போகிறது.

சரி, எந்தத் தசை? இங்கேதான் இந்த மையத்தின் அருமை. கீழ்த் தசைகளைச் சுருக்கும் மூலபந்தம், அஸ்வினி முத்திரை எல்லாம் எனக்குப் பழக்கம், யோகா வகுப்பில் செய்திருக்கிறேன் என்று நான் பெருமையாகச் சொன்னேன். செய்து காட்டச் சொன்னார். என் வயிற்றில் ஒரு கை, தொடையின் உட்பக்கத்தில் ஒரு கை வைத்துப் பார்த்துவிட்டு, “பின்பக்கம் நன்றாகச் சுருங்குகிறது ஐயா. ஆனால் உங்களுக்குக் கசிவது முன்பக்கம்” என்றார். ஆசனவாயைச் சுருக்குவதும் சிறுநீர்க் குழாயைச் சுருக்குவதும் ஒரே வேலை இல்லையாம். ஆண்குறியை உள்ளே இழுத்துக் குட்டையாக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள், சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். நினைப்பு மட்டும்தான், நிஜமாகவே தினம் பாதியில் நிறுத்திப் பழகக் கூடாது, பை முழுதாகக் காலியாகாமல் போகும் என்பதையும் அழுத்திச் சொன்னார்.

மருத்துவ மேல்படிப்பு படிக்கும் என் தம்பி மகளிடம் இதைச் சொன்னபோது அவள் தேடிப் பார்த்து, இந்த வார்த்தை விஷயத்துக்கு ஆதாரம் இருக்கிறது என்றாள். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட கட்டுரையாம். ஆண்களிடம் வெவ்வேறு விதமாகச் சொல்லிப் பார்த்து, எந்தச் சொல்லுக்கு எந்தத் தசை வேலை செய்கிறது என்று அளந்திருக்கிறார்கள். ‘ஆண்குறியைக் குட்டையாக்கு’ என்றபோது சிறுநீர்க் குழாயின் தசை அதிகம் வேலை செய்தது. ‘ஆசனவாயைச் சுற்றி இறுக்கு’ என்றால் ஆசனவாய்த் தசைதான் அதிகம். ‘சிறுநீர்ப்பையைத் தூக்கு’ என்றால் வயிற்றுத் தசை முந்திக்கொண்டு வந்து, உள்ளே அழுத்தத்தைக் கூட்டிவிட்டது. அழுத்தம் கூடினால் கசியத்தானே செய்யும்.

வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று சரிபார்த்துக்கொள்ளவும் சொல்லித்தந்தார். சரியான தசையைச் சுருக்கினால் குறியின் அடிப்பாகம் லேசாக உள்ளே போகும், விதைப்பை கொஞ்சம் மேலே ஏறும். வயிறு அசையக் கூடாது, பிட்டம் இறுகக் கூடாது, மூச்சு நிற்கக் கூடாது. மூச்சுதான் எனக்கு வம்பு. இழுத்துச் சுருக்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துவிடுவேன். அதற்கு அவர் கண்ட வழி, வாய்விட்டு எண்ணச் சொன்னது. ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணிக்கொண்டே யாராலும் மூச்சைப் பிடிக்க முடியாது. திரைக்கு அந்தப் பக்கம் தோள்பட்டைக்குச் சுடுஒத்தடம் வாங்கிக்கொண்டிருந்தவர் என்ன நினைத்தாரோ.

பயிற்சி பார்வைக்கு ஒன்றுமே இல்லை. முதலில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொண்டு, பிறகு உட்கார்ந்து, பிறகு நின்றுகொண்டு. ஐந்து விநாடி பிடித்து, அதே ஐந்து விநாடி விட வேண்டும். போகப் போகப் பத்து விநாடி. ஒரு வேளைக்குப் பத்து முறை, மூன்று வேளை. அதோடு சட்டென்று சுருக்கி விடும் வேகமான சுருக்கங்கள் கொஞ்சம். விடுவதும் பயிற்சியில் பாதி என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்வார். ஆர்வக் கோளாறில் நாள் முழுக்கச் சுருக்கிக்கொண்டே இருந்தால் தசை களைத்துச் சாயங்காலக் கசிவு கூடும். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படிச் செய்துவிட்டுப் பயிற்சியையே திட்டிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் படுக்கையில் எண்ணிக்கொண்டிருப்பதைவிட எனக்கு உதவியது, அதை வேலையோடு சேர்த்த விதம். தும்மல் வருவதற்கு அரை விநாடி முன்னால் சுருக்கு, பிறகு தும்மு. எழுவதற்கு முன் சுருக்கு, பிறகு எழு. சொல்ல எளிது. அந்த மையத்தில் கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்று இருக்கிறது. அதில் உட்காரவைத்து, கையை ஊன்றாமல் எழச் சொல்லி, எழும்போது வயிற்றை உப்பினால் உடனே உட்காரவைத்துவிடுவார். நாற்காலி சரியானதும் தரையில் சம்மணம் போட்டு உட்காரவைத்தார். “பந்தியில் எழ வேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்” என்றார். தரையிலிருந்து எழுவதில் கால் மாற்றும் அந்த ஒரு கணத்தில்தான் கசிகிறது என்பதை அவர்தான் கண்டுபிடித்தார்: ஒரு முழங்காலை ஊன்றி, நின்று, சுருக்கி, மூச்சை விட்டபடி எழ வேண்டும். அச்சடித்த தாளில் இது வராது. இதற்குத்தான் நான் காசு கொடுத்தேன் என்று நினைக்கிறேன்.

இனி அளவைக்கு வருவோம். கசிவை உறிஞ்ச உள்ளே வைக்கும் பேடு ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டுக் கணக்குப் போடுவதுதான் மருத்துவர்களிடம் வழக்கம். ஒரு நாளைக்கு ஒரு பேடு வரை போனால் குணம் என்றே சில இடங்களில் எழுதிக்கொள்கிறார்கள். இது என்ன கணக்கு? பத்து கிராம் நனைந்த பேடும் ஒன்று, இருநூறு கிராம் நனைந்த பேடும் ஒன்றா? எடைபோட வேண்டும் என்று இந்த மையத்தில் சொன்னார்கள். காய்ந்த பேடின் எடையைக் குறித்துக்கொண்டு, 24 மணி நேரத்தில் மாற்றியதையெல்லாம் மூடிய கவரில் சேர்த்து எடைபோட்டுக் கழிக்க வேண்டும். ஒரு கிராம் என்றால் ஏறக்குறைய ஒரு மில்லி. சமையலறைத் தராசைத் தொட வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை, நியாயம்தான். தனியாக ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கினேன். ஆரம்பத்தில் முந்நூறு கிராமுக்கு மேல். பிறகு ஒரு வாரம் குறைந்து, மறு வாரம் கூடி, ஒரு கல்யாண அலைச்சலில் பழைய இடத்துக்கே போய், மெல்ல இறங்கி, இப்போது இருபதைத் தாண்டுவதில்லை. எண்ணைப் பார்த்ததால்தான் கூடிய வாரங்களில் மனம் விடாமல் இருந்தேன். பேடு எண்ணிக்கை மட்டும் என்றால், முந்நூறும் இருநூறும் ஒன்றாகவே தெரிந்திருக்கும்.

பேடு பற்றி ஒரு வார்த்தை. ஆண்களுக்கென்று கிண்ண வடிவில் வரும் சிறிய பேடு நம் மருந்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. கேட்டால் பெரிய டயப்பரைத் தூக்கிக் கொடுக்கிறார்கள், அல்லது கடைப் பையன் முழிக்கிறான். ஆன்லைனில் வாங்குவதே வழி.

மெஷின் விவகாரம். பயிற்சி பாதியில் இருக்கும்போது, வரவேற்பு மேசையில் இருப்பவர் ஒரு பாக்கேஜைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மின்முனை ஒட்டித் தசையின் வேலையைத் திரையில் கோடாகக் காட்டும் பயோஃபீட்பேக், கூடவே லேசான மின்சாரம் கொடுத்துத் தசையைத் தூண்டுவது; மொத்தமாக முன்பணம் கட்டினால் தள்ளுபடி. சாதாரண அமர்வுக்கு 500 ரூபாய்; மெஷினோடு என்றால் 1,200. கோடு ஏறி இறங்குவதைத் திரையில் ஒருமுறை காட்டினார்கள். பார்க்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

தம்பி மகளிடம் கேட்டேன். “பெரியப்பா, உங்களைப் போன்றவர்களிடமே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்” என்று அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் 2011இல் வந்த ஆய்வைச் சொன்னாள். அறுவை முடிந்து ஒரு வருடத்துக்குப் பிறகும் கசிவு நிற்காத 208 ஆண்கள். எட்டு வாரம் தசைப் பயிற்சியும் பழக்க மாற்றமும் செய்தவர்களுக்குக் கசியும் தடவைகள் 55 சதவீதம் குறைந்தன. அதே பயிற்சியோடு பயோஃபீட்பேக்கும் மின்தூண்டலும் சேர்த்தவர்களுக்கு 51 சதவீதம். ஒன்றும் செய்யாமல் காத்திருந்தவர்களுக்கு 24. ஆக, மெஷின் கூடுதலாக எதையும் தரவில்லை. தசை எங்கே இருக்கிறது என்றே பிடிபடாதவர்களுக்குத் திரையில் கோட்டைப் பார்ப்பது ஒன்றிரண்டு முறை உதவலாம் என்று என் மருத்துவரே சொன்னார். எனக்குத் தேவையில்லை என்பதையும் அவரே சொன்னார். விற்பது மேசை, சிகிச்சை தருவது திரைக்குப் பின்னால். இரண்டும் வேறு வேறு ஆட்கள் என்பது நல்லதாகப் போயிற்று.

அதே தம்பி மகள் எனக்குப் பிடிக்காத ஒன்றையும் சொன்னாள். அதையும் எழுதாவிட்டால் இந்த மதிப்புரை விளம்பரமாகிவிடும். அதே 2011இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று வந்தது. அறுவைக்குப் பின் கசிந்தவர்களில் ஒரு பாதிக்குச் சிகிச்சையாளர் நேரில் உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தார். மறுபாதிக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். புராஸ்டேட்டை முழுதாக எடுத்தவர்களில், ஒரு வருடம் கழித்து ஏதோ ஓர் அளவுக்குக் கசிந்தவர்கள் முதல் பாதியில் 76 சதவீதம், மறுபாதியில் 77. வித்தியாசமே இல்லை! பெல்ஜியத்தின் லூவன் நகரில் செய்து 2000இல் வெளியான ஆய்வில், மூன்று மாதத்தில் கசிவு நின்றவர்கள் பயிற்சி பெற்றவர்களில் 88 சதவீதம், பெறாதவர்களில் 56 என்று பயிற்சிக்குச் சாதகமாக வந்திருந்தது; ஆனால் அதிலும் ஒரு வருடம் ஆகும்போது இடைவெளி சுருங்கிவிட்டது. பயிற்சி செய்யாதவர்களுக்கும் காலப்போக்கில் பெரும்பாலும் குறையத்தான் செய்கிறது.

அப்படியானால் என் முந்நூறு இருபதானதில் பயிற்சியின் பங்கு எவ்வளவு, நாள் ஆனதன் பங்கு எவ்வளவு? ஒரே நிலத்தை இரண்டு விதமாக உழுது பார்க்க முடியாது. என் கணிப்பு, பயிற்சி காத்திருப்பைச் சுருக்கியது என்பது. பந்தியிலிருந்து எழுவது மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் கற்றுக்கொண்ட வித்தை. இன்றும் முன்கூட்டிச் சுருக்க மறந்து எழுந்தால் கசிகிறது, சுருக்கி எழுந்தால் இல்லை. அதற்கு எந்த ஆய்வும் எனக்கு வேண்டாம்.

சாப்பாட்டு விஷயத்தில் அவர்கள் சொன்னதில் ஒன்றோடு சண்டை போட்டேன், ஒன்றை உடனே ஏற்றுக்கொண்டேன். சாயங்கால ஃபில்டர் காபியை விடச் சொன்னார். காபி சிறுநீர்ப்பையைச் சீண்டுமாம். மதுரைக்காரனிடம் சொல்லக்கூடிய பேச்சா? காலைக் காபிக்கு உயிர்ப்பிச்சை வாங்கிக்கொண்டு சாயங்காலத்தை விட்டுக்கொடுத்தேன். தண்ணீரைக் குறைக்கக் கூடாது என்றதை ஏற்றுக்கொண்டேன். கசிகிறவன் முதலில் செய்வது தண்ணீரை நிறுத்துவதுதான். சிறுநீர் கெட்டியாகி இன்னும் எரிச்சலும் அவசரமும் தரும். நம்மூர்ச் சித்திரை வெயிலில் கல்லும் சேரும்.

குறைகள். கூடத்தைத் துணித்திரை போட்டுப் பிரித்திருக்கிறார்கள். அந்தரங்கம் பேசுகிறவர்களுக்கு அது போதாது. ஒருநாள் பக்கத்துத் திரையில் பிரசவமாகி சில மாதமான ஒரு பெண்ணுக்கு ஏறக்குறைய இதே பயிற்சியைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1948இல் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் அர்னால்டு கெகல் இதை எழுதியதே பிரசவித்த பெண்களை வைத்துத்தான், ஆண்கள் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டவர்கள் என்று என் மருத்துவர் சொன்னார். இருந்தாலும் அந்தப் பெண்ணும் நானும் ஒருவர் பதிலை ஒருவர் கேட்காதது மாதிரி நடிக்க வேண்டியிருந்தது. ஒரு மரக்கதவு போட எவ்வளவு ஆகிவிடும்?

அதைவிடப் பெரிய குறை கழிப்பறை. சிறுநீர் அடக்க முடியாதவர்களுக்குச் சிகிச்சை தரும் இடத்தில் கழிப்பறை கீழே, கட்டடத்தின் பின்பக்கம், சாவி வாட்ச்மேனிடம். லிஃப்ட் கிடையாது. படி இறங்கி, வாட்ச்மேனைத் தேடி, அவர் டீக்கடையிலிருந்து வரும்வரை நின்றால் அதுவே ஒரு பயிற்சி. மூன்று தடவை எழுதிக் கொடுத்தும் மாறவில்லை. மேலே இருக்கும் ஊழியர் கழிப்பறையைக் கேட்டால் மறுக்காமல் திறந்துவிடுகிறார்கள் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். நீங்கள் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

யார் போகலாம் என்றால், அறுவைக்குத் தேதி குறித்துவிட்டவர்கள் இப்போதே போகலாம். டியூபும் வலியும் இல்லாதபோது சரியான தசையைக் கண்டுபிடித்துவைப்பது சுலபம். அறுவை முடிந்து டியூப் இருக்கும்வரை பயிற்சி வேண்டாம். எடுத்த பிறகு அறுவை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கலாம். எரிச்சல், ரத்தம், காய்ச்சல், சிறுநீர் அடைத்துக்கொள்வது என்று ஏதாவது இருந்தால் இங்கே வரக் கூடாது, நேரே மருத்துவமனைக்கு. ஒரு வருடம் ஒழுங்காகச் செய்தும் வேட்டி நனைந்துகொண்டே இருக்கிறது என்றால் இன்னும் பாக்கேஜ் வாங்கிக்கொண்டிருக்க வேண்டாம். குழாயைத் தாங்கும் பட்டி வைப்பது, செயற்கைச் சுருக்குத் தசை பொருத்துவது என்று அறுவை வழிகள் இருக்கின்றன. இதை எனக்குச் சொன்னதும் இந்த மையத்து மருத்துவர்தான். வாடிக்கையாளரை இழக்கத் தயங்காதவர்.

முன்பணம் கட்ட வேண்டாம். போகிற அன்றைக்கு அன்றைக்குக் கொடுங்கள், வாங்கிக்கொள்கிறார்கள். ஆரம்பச் சில அமர்வுகளை நெருக்கமாக வைத்துக்கொண்டு, தசை பிடிபட்டதும் மாதம் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டால் போதும். ஞாயிறு விடுமுறை, மற்ற நாட்களில் காலை பத்து மணிக்கு மேல் போனால் முழங்கால் கூட்டம் குறைந்திருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியையும் மூன்று நாள் குறிப்பையும் கையில் எடுத்துப் போங்கள். ஒரு மாற்று பேடும் பையில் இருக்கட்டும், இருமிக் காட்டச் சொல்வார்கள்.